கர்சர் தாவுதா? டாங்கிளா ப்ளூடூத்தா

என் வயர்லெஸ் டிராக்பேட்ல டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்ல சொருகுற குட்டி ரிசீவர்), ப்ளூடூத்னு ரெண்டு வழியும் இருக்கு, ரெண்டுலயும் கர்சர் பேய் புடிச்ச மாதிரி தாவுச்சு, ஆனா காரணம் வேற வேற.

டாங்கிள்னா முதல்ல அதை எங்க சொருகியிருக்கீங்கன்னு பாருங்க. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல மாட்டுற ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும், டாங்கிள் பேசுறதும் அதே இடத்துலதான், 2012லயே இன்டெல் இதை அறிக்கையா போட்டுடுச்சு, நான்தான் தெரியாம ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டி சொருகிட்டு ஒரு வாரமா டிராக்பேடைத் திட்டிக்கிட்டு இருந்தேன். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை டேபிள் மேல கொண்டு வந்ததும் கப்சிப்.

ப்ளூடூத்தும் 2.4தான், ஆனா நெரிசலான சேனலை விட்டு தாவித்தாவி ஓடும், அதனால கொஞ்சம் சமாளிக்கும். அதுல தொல்லை பேட்டரி இறங்குறது, பவர் சேவிங்ல தூங்கிப்போறது, பழைய பேரிங் (ரெண்டு கருவிக்கும் நடுவுல போட்டு வச்ச இணைப்பு) சொதப்புறது. ரிமூவ் பண்ணி மறுபடி பேர் பண்ணுங்க, வைஃபையும் 2.4லதான் ஓடுதுன்னா அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க.

டெஸ்க்டாப்புக்கு என் ஓட்டு டாங்கிளுக்கு, கம்ப்யூட்டர் முழுசா ஆன் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்ஸ்ல கூட பெரும்பாலும் வேலை செய்யும். போர்ட் கம்மியான லேப்டாப்னா ப்ளூடூத்.

ரெண்டுலயும் ஒரே மாதிரி தாவுனா ரேடியோவை விடுங்க, பேட்ல இருக்குற எண்ணெய்ப் பிசுக்கைத் துடைங்க, சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.