வால்வு அட்ஜஸ்ட் பண்ணியாச்சு என்று சொன்னால் பழைய ஷிம் எங்கே என்று கேளுங்கள்

ஹோண்டா சூப்பர் ஃபோர் பைக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். ஒரு பட்டறையில் என்னிடம் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் திறக்கும் கேமுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மெல்லிய இடைவெளி, சரிசெய்ததாகச் சொல்லி 320 வெள்ளி வாங்கினார்கள், ஆனால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் கவரைத் திறக்கவே இல்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், ஐடிலில் நின்று நின்று போனது. சிங்கப்பூர் பி.ஐ.இ. விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போய்ப் பத்து மணி வாக்கில் விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போன் வந்துவிட்டது: "முடிஞ்சது தம்பி, பதினாறு வால்வும் செட் பண்ணியாச்சு, சத்தமே இருக்காது பாருங்க." சத்தம் குறைந்துதான் இருந்தது. கெட்டியான ஆயிலை ஊற்றி ஐடிலை ஏற்றிவிட்டால் குறையாமல் என்ன செய்யும்?

அந்த நேரக் கணக்கே இடித்தது. ஹோண்டா மேனுவலில் இடைவெளியை அளக்க எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் ஓட்டிவந்த நாலு சிலிண்டர் எஞ்சின் எப்போது 35க்கு இறங்குவது? அதனால்தான் ராத்திரி விட்டுவிட்டுப் போ என்பார்கள்.

என் மச்சானின் பழைய சூப்பர் கப் வேறு கதை. இரண்டு மூடியைக் கழற்று, ஃப்ளைவீலில் டி குறியைப் பொருத்து, இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு டேப்பட் திருகைத் திருப்பி நட்டை இறுக்கு, அவ்வளவுதான். சூப்பர் ஃபோரில் திருப்பத் திருகே கிடையாது. கேம் அழுத்துகிற கிண்ணம் மாதிரியான பக்கெட்டுக்கு அடியில் சின்னச் சின்ன ஷிம் வட்டுகள், அவற்றின் தடிமன்தான் இடைவெளியைத் தீர்மானிக்கும், ஒவ்வொன்றும் 0.025 மில்லிமீட்டர் வித்தியாசத்தில். டேங்கைக் கழற்றி, கவரைத் திறந்து, எல்லா வால்வையும் அளந்து எழுதி, இடைவெளி தப்பிய வால்வுகளுக்காக கேம் ஷாஃப்டைத் தூக்கி, ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, கணக்குப் போட்டு வேறு அளவு போட்டு, டைமிங் குறி சேர்த்து மூடி, திரும்பவும் அளக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் இது ஆகிற காரியமா?

பழைய தொல்லை திரும்பி வந்ததும் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். டேங்கைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கவர் போல்ட்டில் துரு அப்படியே இருக்கிறது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை, ரப்பர் கேஸ்கெட் காய்ந்து விளிம்போடு ஒட்டிப்போய் இருக்கிறது. திறந்து அளந்தால் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வில் மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. வால்வு சரியாக மூடாததால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வால்வே எரிந்திருக்கும் என்றார். இடைவெளி அதிகமானால் டக் டக் என்று கேட்கும், இறுகினால் ஒன்றுமே கேட்காது. "சத்தமே இருக்காது" என்று அந்த ஆள் பெருமையாகச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அப்புறம், எல்லா வண்டிக்கும் ஒரே ரேட் சொல்கிற இடத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள். என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 திருகு வகை, ஷிம் வேலைக்கான கூலி அதற்குத் தேவையில்லை. டுகாட்டி டெஸ்மோவில் வால்வைத் திறக்க ஒன்று, மூட ஒன்று என்று ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி பார்க்கணும், அங்கே விலை கூடுவது நியாயம். ஹார்லி பெரிய வி-ட்வினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர், சர்வீஸில் வால்வு அட்ஜஸ்ட்மென்ட் என்று பில்லில் வந்தால் எதை அட்ஜஸ்ட் பண்ணினார்கள் என்று கேளுங்கள்.

ஷிம் வண்டி என்றால் ஒவ்வொரு வால்வுக்கும் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள், மாற்றிய ஷிம்மையும் கேளுங்கள். கவர் திறந்திருக்கும்போது ஒரு போட்டோ அனுப்பச் சொன்னால் ஒழுங்காக வேலை செய்கிறவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த முதல் பட்டறைக்குப் போன் போட்டால் "வெயில்ல மறுபடி டைட் ஆயிருக்கும்" என்று பதில், அதற்கப்புறம் எடுப்பதே இல்லை. பில்லில் "16 வால்வு அட்ஜஸ்ட்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் போடப்போகிறேன், 5,000 வெள்ளி வரைக்கும் பத்து வெள்ளிதான் கட்டணம், வக்கீலும் தேவையில்லை. கவர் போல்ட் போட்டோக்களும் இரண்டாவது மெக்கானிக் எழுதித் தந்த அளவுகளும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி பில் யாரிடமாவது இருந்தால் தனியாக மெசேஜ் பண்ணுங்கள்.