மியாமியின் சூறாவளி அறிக்கைகள்: ஓர் ஆர்வலரின் மதிப்பீடு

அட்லாண்டிக் சூறாவளிகளைப் பொழுதுபோக்காகப் பின்தொடர்வோருக்கு, மியாமியிலுள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இணையச் சேவையைவிட நம்பகமான துணை வேறில்லை என்பதே என் கருத்து. கட்டணம் கிடையாது. புயல் உருவாகிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியாகிறது. கரைப்பகுதிக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் இடையிலும் வருகிறது.

பலர் பாதை வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால், ஆர்வலருக்கு உண்மையான விருந்து, ஒவ்வொரு அறிக்கையுடனும் வரும் விளக்கவுரைதான். எந்தக் கணினி மாதிரி புயலை எத்திசையில் இழுக்கிறது, முன்கணிப்பாளர் அதை ஏன் முழுமையாக ஏற்கவில்லை என்பதையெல்லாம், தம் தயக்கத்தையும் மறைக்காமல் அதில் எழுதுகிறார்கள். புயலுக்குள் பறக்கும் விமானங்களின் தரவும் கிடைக்கிறது. புயல் மையத்தின் காற்றழுத்தம் எத்தனை மில்லிபார், கண்சுவர் (புயலின் அமைதியான நடுப்பகுதியான கண்ணைச் சூழ்ந்த மேகவளையம்) முழு வட்டமாக மூடியிருக்கிறதா அல்லது ஒருபுறம் திறந்திருக்கிறதா, கண்ணின் விட்டம் எத்தனை கடல்மைல் என்பவை அதில் சுருக்கக் குறிகளாக இருக்கும். பழகும்வரை தலை சுற்றும். பழகிவிட்டால், அடுத்தடுத்த செய்திகளில் அழுத்தம் சரிவதைக் கொண்டே புயல் வலுப்பெறுவதை உணரலாம்.

குறையென்றால், புயல் மையம் செல்லக்கூடிய வழியைக் காட்டும் கூம்பு வரைபடம்தான். முந்தைய ஐந்தாண்டுகளின் பாதைக் கணிப்புப் பிழைகளை வைத்து, புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புடன் உள்ளே அமையுமாறு வரையப்படும் அது, புயலின் பரப்பைக் காட்டுவதில்லை. 2004-இல் சார்லி சூறாவளி, புளோரிடாவின் தாம்பாவை நோக்கிய நடுக்கோட்டைவிட்டு விலகிப் புன்டா கோர்டாவைத் தாக்கியபோதும், கூம்புக்குள்தான் இருந்தது. புதியவர்கள், எந்த இடத்தில் பலத்த காற்று வீச எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் காற்றின் நிகழ்தகவு வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது.