அப்பாவின் வீட்டை விற்றோம்: புரோக்கர் வழியா, நேரடியாகவா?

சேலம் சூரமங்கலத்தில் அப்பா கட்டிய வீட்டை நானும் தம்பியும் தங்கையும் போன வருடம் விற்றோம். முதல் நான்கு மாதம் புரோக்கரிடம் விட்டிருந்தோம், அப்புறம் நாங்களே இறங்கினோம். அதனால் இரண்டு வழியிலும் கொஞ்சம் நடந்திருக்கிறேன்.

கமிஷன் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களிடம் கேட்டது 2 சதவீதம். கடைசியில் வீடு போன விலையான 56 லட்சத்துக்கு 1 லட்சத்து 12 ஆயிரம். அதைவிட உறுத்தியது வேறு. எங்களிடம் "பார்ட்டி 52க்கு மேல ஏறமாட்டாருங்க" என்றவர், அந்தப் பார்ட்டியிடம் 58 சொல்லியிருக்கிறார். அந்தப் பார்ட்டி என் தம்பி மனைவிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்பது புரோக்கருக்குத் தெரியாது. சேலம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

ஆள் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். நான்கு மாதத்தில் பதினொரு பேரைக் கூட்டி வந்தார். நாங்கள் வாசலில் போர்டு மாட்டியபோது வந்த போன்களில் பாதி வேறு புரோக்கர்கள்!

ஆனால் வியாபாரம் முறிந்தது ஆள் இல்லாமல் அல்ல, காகிதத்தால். பட்டா இன்னும் அப்பா பேரில் இருந்தது. "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றார் புரோக்கர். பார்ட்டி போனதும் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பட்டா எங்களோடுதான் இருந்தது.

போர்டு மாட்டும் முன் மூன்று மாதம் இதற்கே போனது. வாரிசுச் சான்று வாங்கி, மூவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றினோம். சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்தபோது இன்னொன்று கிளம்பியது. 1996ல் அப்பா வீட்டுக்கடனுக்காகப் பதிந்த அடமானம் அப்படியே நின்றது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஆனால் அடைந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதியவே இல்லை. லோன் போட்டு வாங்குகிறவர் என்றால் வங்கி வக்கீல் முதலில் கை வைப்பது இங்கேதான். நான்கு மாதத்தில் புரோக்கர் ஒரு தடவை கூட வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை. அது அவர் வேலை என்று நாங்கள் நினைத்தது எங்கள் தப்பு.

காகிதம் சுத்தமான பிறகு ஐந்தே வாரம். அதே தெருவில் வாடகைக்கு இருந்த ரயில்வே ஊழியர் வாங்கினார். அட்வான்ஸ் இரண்டு லட்சத்தை ரொக்கமாகக் கொண்டு வந்தார், நாங்கள் வங்கி வழியாகவே போடச் சொன்னோம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விற்பவர் தலையில் விழும். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் எங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக அவர் பிடித்துக் கட்டினார். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதமும் அவர் செலவு. எங்களுக்கு வக்கீல் ஃபீஸ் மட்டும்தான். அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், அக்ரிமெண்ட்டை அவரே எழுதட்டும்.

விலை பேசுவதில் நாங்கள் கொஞ்சம் இளகிவிட்டோமோ என்று தம்பிக்கு இன்னும் ஒரு சந்தேகம். புரோக்கர் இருந்திருந்தால் 57க்கு இழுத்திருப்பார் என்கிறான். இழுத்திருக்கலாம். அந்த ஒரு லட்சம் கமிஷனுக்கே பத்தியிருக்காது.

எல்லோருக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். வீட்டைத் திறந்து காட்ட ஊரில் ஆள் இல்லாதவர்கள் புரோக்கரிடமே விடலாம். ஏற்காட்டில் காட்டேஜோ காப்பித் தோட்டமோ என்றால் நானும் அவரைத்தான் தேடுவேன். வாங்குகிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார், மலையில் மாட்டிய போர்டை யார் பார்ப்பது? ஆனால் மலையில் நான் எதையும் விற்றதில்லை, இது வெறும் யூகம். அங்கேயும் வில்லங்கச் சான்றை மட்டும் நானே முதலில் எடுத்துவிடுவேன்.