முதுமை செல்லிலா, குடியிருக்கும் இடத்திலா?

ஏற்காட்டுக் காபிக் கன்றைச் சேலத்தில் நட்டுப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியதும் அதே கன்று வெயிலில் சோர்ந்துவிடும். கன்றின் குற்றமா, மண்ணின் குற்றமா? நோய் எதிர்ப்புச் செல்களின் முதுமையிலும் இதே வழக்குதான்.

ஒரு கட்சி, செல்லுக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்கிறது. பிளவுபடும்தோறும் குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் தேய்கின்றன. ஆனால், தடுப்பூசியால் திரும்பத் திரும்பத் தூண்டி, எலிக்கு எலி மாற்றிவந்த, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் 10 ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. எலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகள்!

மறுகட்சி, திசுச் சூழலைக் கைகாட்டுகிறது. நுரையீரலின் காற்றறைகளில் தூசியையும் கிருமியையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை இளம் எலியிலிருந்து எடுத்து, கிழ எலியின் நுரையீரலில் விட்டார்கள். அவற்றின் மரபணுச் செயல்பாடு கிழச் செல்களின் சாயலுக்கு மாறியது. இளம் எலியையும் கிழ எலியையும் ஒட்டவைத்து ரத்தத்தைப் பகிரச் செய்தபோதோ, அந்த முதுமைச் சாயல் மறையவில்லை. ஆக, பழி ரத்தத்தின்மேல் அல்ல, வீட்டின்மேல்.

என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவது கட்சிக்கே. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பியே வயதாக ஆகச் சுருங்கி, கொழுப்பால் நிரம்புகிறது. பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கையில் மாணவனை மட்டும் அடித்து என்ன பயன்?