இரவுத் தெருவில் ரிக்கோ ஜிஆர் 3 கேமரா: கோட்டைப் பிடிக்கும், குனிய விடாது

பகலில் லீடிங் லைன், அதாவது பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் இழுத்துப் போகும் கோடு, என்றால் தண்டவாளம், கைப்பிடிச்சுவர், நடைபாதையின் ஓரக்கல். இரவில் இவை இருந்தும் இல்லாத மாதிரிதான். விளக்கு விழுந்த தூரம்வரைக்கும்தான் கோடு. அதோடு, கோடு எங்கே போனாலும் கண் போய் நிற்பது ஃபிரேமில் மிகப் பிரகாசமான இடத்தில். ஆள் இடப்பக்கம் நிற்க, வலப்பக்க மூலையில் ஒரு மருந்துக்கடைப் பலகை வெள்ளையாக எரிந்தால், எவ்வளவு நேர்த்தியான கோடும் வீண். ஆகவே இரவுத் தெருவுக்கான கேமராவிடம் இரண்டு கேள்விகள் போதும்: காலடியிலிருந்து தூரம்வரை கோட்டைத் தெளிவாகப் பிடிக்குமா? விளக்கை வெறும் வெள்ளையாக எரித்துவிடாமல் வைக்குமா?

2019-ல் வந்த ஜிஆர் 3 இரண்டுக்கும் நன்றாகவே பதில் சொல்கிறது. பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம், சட்டைப்பைக்குள் போகும் உடல், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், 18.3 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துவாரம் சிறுக்கும்). ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய முழு ஃபிரேம் சென்சாரின் கணக்கில் இது 28 மி.மீ. பார்வை. இந்த அகலம்தான் முக்கியம். முன்னால் இருக்கும் தரையை இழுத்து நீட்டி, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டுவதால் கோடுகள் வேகமாக ஒரு புள்ளியில் குவிகின்றன. 40 மி.மீ. பார்வை உள்ள ஜிஆர் 3எக்ஸ் ஆட்களுக்கு அழகு. ஆனால் அதில் கோட்டின் வேகம் குறைகிறது. கோடுதான் வேண்டுமென்றால் 28-ஐயே எடுங்கள்.

உண்மையான பலம் ஸ்னாப் ஃபோகஸ். இருட்டில் இதன் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். அதற்குள் ஆள் கடந்துவிடுவார். ஸ்னாப்பில் தூரத்தை முன்பே குறித்துவிட்டு, பட்டனை ஒரே அழுத்தாக முழுதாக அழுத்தினால் தேடலே இல்லை. 5 மீட்டர், எஃப் 4 என்று வைத்தால் சுமார் 2.3 மீட்டரிலிருந்து முடிவிலிவரை தெளிவு. கேமராவை நெஞ்சுயரத்தில் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது ஃபிரேமின் கீழ்விளிம்பு தரையைத் தொடுவதே 3 மீட்டருக்கு அப்பால்தான். அதாவது கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் இரண்டும் கூர்மை. இதே 5 மீட்டரை எஃப் 2.8-ல் வைத்தால் 24 மீட்டர் அளவில் தெளிவு நின்றுவிடும். கோட்டின் கடைசிப் பகுதி கரையும். பலர் ‘லென்ஸ் சரியில்லை’ என்பது பெரும்பாலும் இதைத்தான்.

தொடக்க அமைப்பாக, நல்ல விளக்குள்ள கடைத்தெருவில் எஃப் 4, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400. நடப்பவரின் காலசைவு கொஞ்சம் கலங்கலாம் என்றால் 1/60-ம் ஐஎஸ்ஓ 3200-ம் போதும். மீட்டரிங்கை (ஒளி அளவிடலை) பிரகாசமான இடங்களைக் காக்கும் ஹைலைட் முறைக்கு மாற்றி, எரிந்துபோன பலகைகள் அடங்கும்வரை எக்ஸ்போஷரை இறக்குங்கள். நிழலை ரா கோப்பிலிருந்து (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) மீட்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. ஒயிட் பேலன்ஸை (நிறச் சமனை) ஆட்டோவில் விடாமல் 3500 கெல்வின் பக்கத்தில் பூட்டினால் அடுத்தடுத்த படங்களில் நிறம் தாவாது. எல்இடி விளக்குகளின் கீழ் இன்னொரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஜிஆர் 3-ல் இருப்பது லென்ஸுக்குள்ளேயே திறந்து மூடும் லீஃப் ஷட்டர், அதனால் படத்தில் பட்டை விழாது. ஆனால் 1/100-ஐவிட வேகமாகப் போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். அப்படி வந்தால் 1/100 அல்லது 1/50-க்கு இறங்கிவிடுங்கள்.

இனி குறை. இரவுக் கோட்டுக்கு மிக நல்ல உயரம் முழங்கால். ஈரத் தரையில் விழுந்த விளக்கின் நீளம் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். ஜிஆர் 3-ன் திரையோ அசையாத் திரை, வ்யூஃபைண்டரும் கிடையாது. ஒன்று தரையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் கணிப்பில் அழுத்த வேண்டும். வைஃபை வழியாகச் செல்பேசியில் பார்க்கலாம்தான். ஆனால் அந்தத் தாமதத்தில் நடப்பவரைச் சரியான இடத்தில் பிடிப்பது அதிர்ஷ்டம். தாழ்ந்த உயரத்தில் இன்னொரு கணக்கும் மாறுகிறது: கோடு 1.2 மீட்டரிலேயே தொடங்குவதால் எஃப் 8, ஸ்னாப் 2.5 மீட்டர் தேவை. எஃப் 4-ஐவிட இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால்வாசி வெளிச்சம் போகிறது. அசையாத காட்சிக்கு 1/30 வைத்தால் உள்ளிருக்கும் குலுக்கல் தடுப்பு காப்பாற்றும். ஆள் நடந்தால் காப்பாற்றாது. எஃப் 8-ல் தெருவிளக்குகள் 18 கதிர் நட்சத்திரமாக விரியும் என்பதும் நினைவிருக்கட்டும். லென்ஸின் துவாரத்தில் 9 தகடுகள், அதனால் இருமடங்கு கதிர். ஒன்றிரண்டு நட்சத்திரம் அழகு, வரிசையாக இருபது வந்தால் கோடு காணாமல் போகும்.

சென்னையில் இதைச் சோதிக்க நேப்பியர் பாலத்தைவிட நல்ல இடம் குறைவு. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வில்வளைவுகள் தாமே குவிகின்றன. ஆனால் அலங்கார விளக்கு எரியும்போது வளைவுதான் பிரகாசம், நடப்பவர் கறுப்பு உருவம். இரண்டு வளைவுகளுக்கு நடுவே இருண்ட வானத்தில் அவரைக் கரைய விடாமல், ஒளிரும் வளைவின் முன் வரும்வரை காத்திருங்கள். மட்டக்கோட்டுக் காட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். 28 மி.மீ.-ல் கேமராவைச் சற்றே மேலே தூக்கினாலும் விளக்குக் கம்பங்கள் உள்ளே சாயும். பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் எல்லாப் பக்கமும் கடை வெளிச்சம் என்பதால் கோடு சிதறும். கடைகள் அடைக்கத் தொடங்கிய பிறகு போவதே மேல்.

வடகிழக்குப் பருவத்தில் ஒரு மழை ஓய்ந்ததும் வரும் அரைமணி நேரம்தான் தெருவில் கோடுகளின் பொற்காலம். கேமராவுக்கோ நீர்த்தடுப்பு இல்லை, லென்ஸ் வெளியே நீளும் வகை, தூசியும் உள்ளே போகும். தூறலில் எடுக்காதீர்கள், ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோய் லென்ஸைத் திறக்காதீர்கள். பனித்துவிடும். பத்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும். ஒரு பேட்டரிக்கு நிறுவனமே சொல்லும் கணக்கு சுமார் 200 படம். இதற்கான டிபி-110 பேட்டரி கூடுதலாக ஒன்று வாங்கும் காசையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.