ஒரு மீட்டர், இரண்டு குடித்தனம்: குன்னூரில் ஐந்து வருட வாடகைக் கணக்கு

குன்னூரில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேலே நாங்கள், கீழே இரண்டு வாடகைக் குடித்தனம். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஈபி இணைப்புதான். கரண்ட் பில்லைச் சரிபாதியாகப் பிரித்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் கைக்குழந்தை, வெந்நீர் ஓயாது. இன்னொரு வீட்டில் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். "அக்கா, நாங்க வீட்லயே இருக்கறதில்ல, எங்களுக்கும் பாதியா?" என்று அந்தப் பெண் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அது 2020. அந்த வாரமே ஆளுக்கொரு சப் மீட்டர் (அந்தந்த வீட்டில் ஓடிய கரண்டை மட்டும் தனியாகக் காட்டும் சிறு மீட்டர்) மாட்டினேன், செல்போனில் கூகுள் ஷீட்டில் கணக்கெழுத ஆரம்பித்தேன்.

சப் மீட்டரால் மனஸ்தாபம் தீர்ந்தது. எந்த வீடு எவ்வளவு என்று தெரிந்தது. 2 கிலோவாட் கெய்சர் தினம் 40 நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்தில் 80 யூனிட். மலையில் பில்லை ஏற்றுவது ஃபேன் இல்லை, வெந்நீர்தான் என்பதைக் குடியிருப்பவர்களே அந்த எண்ணில் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் கரண்ட் ஓடினால் மட்டும் மினுங்கும் மீட்டரின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், சுவருக்குள் ஈரம் இறங்கி ஒயரில் கசிவு. மீட்டர் இல்லாவிட்டால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

குறையும் உண்டு. வெளிச்சுவரில் மாட்டியது என் தவறு. ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் பனி படிந்து எண் தெரியாது, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒயர் இணையும் டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இப்போது சமையலறைக்குள் மாற்றிவிட்டேன்.

ஆனால் சப் மீட்டர் பிரித்துத்தான் காட்டும், பில்லைக் குறைக்காது. இது எனக்குப் புரிந்தது 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது. இரண்டு வீடும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 540 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதைய கட்டணத்தில், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய்ச் சலுகை போய், அதுவும் 4.50 ஆகிவிட்டது. முதல் 100 யூனிட் இலவசமும் ஓர் இணைப்புக்கு ஒருமுறைதான். அந்தக் கட்டணப்படி மொத்தம் 2,270 ரூபாய். தனித்தனி இணைப்பாக 270, 270 என்றால் வீட்டுக்கு 540, மொத்தமே 1,080. என் வீட்டு அமைப்புக்காக அவர்கள் இருமடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. தனி வாசல், தனி சமையலறை இருந்ததால் அடுத்த வருடமே இரண்டாவது இணைப்பு வாங்கினேன். அலைச்சல்தான், ஆனாலும் இந்த ஐந்து வருடத்தில் நான் செய்த நல்ல செலவு அதுதான்.

கூகுள் ஷீட் பெரிய வித்தையெல்லாம் இல்லை. தேதி, வீடு, செலவு, ரசீதின் படம், "யார் செலவு" என்று ஐந்து பத்தி. கடைசிப் பத்திதான் உயிர். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் எந்த ரிப்பேர் யாருடையது என்றே இருக்கிறது. சுவர், கூரை, பைப் மாற்றுவது, வெள்ளையடிப்பது வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர். அதைத் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு கொடுத்துவிடுகிறேன். கீழ் வீடுகளின் தகரக் கூரையில் போல்ட் வாஷர்களைப் புரட்டாசிக்குள் மாற்றுவது என் பொறுப்பு. ஒரு வருடம் தள்ளிப்போட்டு, குடியிருப்பவர்களின் மெத்தை நனைந்தது. மெத்தைக்கும் நானே கொடுத்தேன்.

வருமான வரிக்கு ரிப்பேர் ரசீது தேவைப்படாது. கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் மீதி வாடகையில் 30 சதவீதம் எப்படியும் கழிவு கிடைக்கும். ஆனால் யாருக்கு எதற்குக் கொடுத்தோம் என்ற கேள்வி வந்தால் ரசீதின் படம்தான் பேசும்.

தண்ணீர்தான் இன்னும் சரியாகவில்லை. கோடையில் நகராட்சித் தண்ணீர் நாள் கணக்கில் தள்ளிப்போகும்போது லாரி சொல்கிறோம். அதை ஆள் கணக்கில் பிரிக்கிறேன். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுவதா என்று இரண்டு முறை பேச்சு வந்தது. அடுத்த பங்குனிக்குள் தொட்டியிலிருந்து இறங்கும் இரண்டு பைப்பிலும் தண்ணீர் மீட்டர் மாட்டிவிடுவேன்.