டிசம்பர் நியூசிலாந்து மலை ஏரி டூருக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

சுங்கை சிப்புட் மக்களே, நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பச்சைத் தண்ணீர்ப் படம் ஒன்று மறுபடியும் சுற்றுகிறது. "பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து, அங்கே அப்போது கோடை, ஒரே நாள் நடையில் மரகத ஏரிகள்." போன தடவை அதே படத்தைப் பார்த்துப் பணம் கட்டிப் போனவர்களில் நானும் என் வீட்டுக்காரரும் உண்டு. கேஸ் போயிருப்பதால் ஏற்பாட்டாளரின் பெயரைப் போடவில்லை. ஊர்க்காரர், நாலு பேருக்குத் தெரிந்தவர், "அண்ணே" என்று கூப்பிட்டால் உருகிப் பேசுவார், அவ்வளவு போதும்.

முதலில் விசா என்று ஆளுக்கு 900 வெள்ளி வாங்கினார். மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலா விசாவே தேவையில்லை. என்இஸட்இடிஏ என்ற அனுமதி மட்டும் எடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் எடுத்தால் 17 நியூசிலாந்து டாலர், அதோடு பயணிகள் வரி 100 டாலர், ஆக நம் காசுக்கு ஏறக்குறைய 300 வெள்ளி. மிச்சம் எங்கே போனது என்று கேட்டதற்கு "சர்விஸ் சார்ஜ்மா" என்றார்.

அப்புறம் ஆக்லாந்து விமான நிலையம். எங்களோடு வந்த ஓர் அத்தை கறிவேப்பிலையும் வீட்டு ஊறுகாயும் எடுத்து வந்திருந்தார். அவருடைய படிவத்தை ஏற்பாட்டாளரின் உதவியாள் தான் நிரப்பினான், உணவு எதுவும் இல்லை என்று போட்டுவிட்டான். 400 டாலர் அபராதம், அங்கேயே. உண்மையை எழுதிக் காட்டியிருந்தால் கறிவேப்பிலையை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள். அத்தை அழுதுகொண்டே கட்டினார், ஏற்பாட்டாளர் பெட்டி வரும் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சரி, ஏரிக்கு வருகிறேன். அந்தப் படம் பொய்யில்லை, தொங்காரிரோ ஆல்பைன் கிராசிங் என்ற பாதையில் இருக்கும் ஏரிகள்தான் அவை, எரிமலைக் கனிமங்கள் கலந்து தண்ணீர் அந்த நிறமாகியிருக்கிறது. ஆனால் பாதை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மங்காதெபோபோவில் 1,120 மீட்டர் உயரத்தில் தொடங்கி, சிவப்புப் பள்ளம் என்கிற எரிமலை வாயின் ஓரமாக 1,886 மீட்டர் வரை ஏறி, சறுக்கும் சரளையில் இறங்கினால்தான் ஏரி. முடிவது மலையின் மறுபக்கத்தில், கெதெதாஹியில். நடக்கத் தெரிந்தவர்களுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகும். கோடையில் தொடக்க இடத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்த விடமாட்டார்கள், அதனால் விடியற்காலையில் ஷட்டல் பஸ்ஸில் வந்து இறங்கி, மறுபக்கத்தில் இன்னொரு ஷட்டலில் ஏறுவதுதான் வழக்கம். இவர் ஷட்டலே புக் பண்ணவில்லை. வாடகை வேனில் எங்களை அங்கே கொண்டுபோய் இறக்கும்போது மணி பதினொன்று.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து சோடா ஸ்பிரிங்ஸ் வரை போனோம். பாறைக்கு நடுவே ஓர் அருவி, அழகுதான். செங்குத்தான ஏற்றம் அதற்கப்புறம்தான் ஆரம்பம். "மேலே வானிலை சரியில்லை, பாதையை மூடிட்டாங்க, படம் எடுத்துக்கிட்டுத் திரும்பலாம்" என்றார். எங்கள் கண் முன்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்! வேன் நிற்கும் நேரம் தீர்கிறது என்பதுதான் அவர் சொன்ன வானிலை.

எனக்கு வயிறு எரிந்தது கீழே வந்த பிறகுதான். "மலை பெர்மிட்" என்று ஆளுக்கு 450 வெள்ளி தனியாக வாங்கியிருந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஷட்டல் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பெர்மிட்டா என்று சிரித்தார். அந்தப் பாதையில் நடக்கக் காசே கிடையாது, அரசாங்க இணையத்தளத்தில் பெயர் பதிவு செய்வதும் இலவசம்.

ஊர் திரும்பிக் கணக்குக் கேட்டேன், குழுவிலிருந்து என்னை நீக்கினார். சுற்றுலா அமைச்சின் உரிம எண் கேட்டேன், "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்குமா அதெல்லாம்?" என்று பதில். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி டூர் நடத்த உரிமம் கட்டாயம். டூருக்கு யார் பணம் கேட்டாலும் அந்த எண்ணை வாங்கி அமைச்சின் பட்டியலில் பாருங்கள், பணத்தைத் தனியாள் கணக்கில் போடச் சொன்னால் போடாதீர்கள்.

நாங்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அந்த டூரில் வந்த மற்றவர்களும் பணம் கட்டிய ரசீது, அவர் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மனு நிரப்பத் தெரியாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சனி ஞாயிறில் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். அந்த அத்தையின் மனுவையும் நான்தான் நிரப்பினேன், 400 டாலர் அபராதத்தையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம்.